பதினோரு பேருக்கும் ஒரே பிறந்தநாள்

ஒரு துணி சரியாக இருக்கிறது என்று சொல்வதற்கு அந்த அக்காவிடம் வார்த்தையே கிடையாது. சரியாக இருந்தால் பேசாமல் எடுத்து வலது பக்கம் வைத்துவிடுவார். சரியில்லை என்றால் மட்டும் வாய் திறப்பார். அதுவும் ஒரே சொல்தான். "ஆகாதுங்க."

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அதற்கும் அதையேதான் சொல்வார்.

நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் டைம் ஆபீஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆள் சேர்ப்பது, ஃபைல் போடுவது, கேட் பாஸ் எழுதுவது எல்லாம் என் வேலை. அக்கா செக்கிங்கில் இருந்தார். தைத்து வரும் பனியனை மேஜையில் விரித்து, ஓட்டை, விட்டுப்போன தையல், எண்ணெய்க் கறை எல்லாவற்றையும் கண்டுபிடித்து, தப்பு இருக்கும் இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி இடது பக்கம் போட வேண்டும். மற்ற பெண்கள் ஸ்டிக்கரை மேஜைமேல் வைத்திருப்பார்கள். இவர் தன் இடது புறங்கையில் வரிசையாக ஒட்டிவைத்து, ஒவ்வொன்றாக உரித்து எடுப்பார். சாயங்காலம் பஸ் ஏறும்போதும் இரண்டு மூன்று அம்புக்குறி கையில் மிச்சம் இருக்கும். கண்ணாடியின் ஒரு பக்கக் கம்பி உடைந்துபோய் பனியன் நூலால் கட்டியிருந்தார். கண் மட்டும் அபாரக் கண்.

முதலாளி மகன் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த புதிதில் ஒருநாள் ஃப்ளோரைச் சுற்றிப் பார்க்க வந்தான். அக்கா மேஜையைத் தாண்டிப் போனவனை, "தம்பி, ஒரு நிமிசம் நில்லுங்க" என்று நிறுத்தி, தோள்பட்டையில் ஓர் அம்புக்குறியை ஒட்டினார். அங்கே சட்டைத் தையலில் இரண்டு கண் விட்டிருந்தது.

"அக்கா, இது நம்ம கம்பெனி துணி இல்லீங்க. ஃபாரின்."

"எந்தூர்ல தச்சிருந்தா என்னுங்க. ஆகாதுங்க."

அவன் அதை எடுக்க மறந்துபோய், அன்றைக்கு முழுக்கத் தோளில் அம்புக்குறியோடுதான் சுற்றினான். ஒருத்தராவது சொல்ல வேண்டுமே. நானும் சொல்லவில்லை.

ஆனால் இன்னொன்றும் உண்டு. தைத்தவர் நம்பர் எழுதிய சீட்டு விழுந்துபோன பீஸில் தப்பு வந்தால் அதைத் தைத்தது யார் என்று சூப்பர்வைசர் கேட்பார். தையல் ஓடியிருக்கும் விதத்தை வைத்தே இது யார் மிஷின் என்று அக்காவுக்குத் தெரிந்துவிடும். சொல்லவே மாட்டார். "தப்பு எங்கன்னு காட்டிப்புட்டனுங்க. ஆளைத் தேடறது என்ற வேலை இல்லீங்க" என்பார். அதனால் அவர் கையால் பீஸ் திரும்பி வந்தால் டெய்லர்கள் யாருக்கும் வருத்தமில்லை. பீகார்ப் பையன்கள் "தீதி, தீதி" என்று தங்கள் பாஷையில் அக்கா போட்டுச் சிரித்துக்கொண்டே வாங்கிப் பிரித்துத் தைப்பார்கள். சூப்பர்வைசருக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இதை வைத்துத்தான் பிற்பாடு நான் அவரிடம் சண்டைக்குப் போனேன்.

இனி என் லட்சணத்துக்கு வருகிறேன்.

தெற்குச் சீமையிலிருந்து பெண்பிள்ளைகளைக் கூட்டிவந்து கம்பெனிகளில் சேர்த்துவிடுகிற ஏஜென்ட் ஒருவன் இருந்தான். ஒருநாள் மத்தியானம் ஒரே வேனில் பதினோரு பேரைக் கொண்டுவந்து இறக்கினான். ஒவ்வொருத்திக்கும் பல்லைப் பார்த்து ஒரு பல் டாக்டர் கொடுத்த வயசுச் சர்டிபிகேட், "பதினெட்டு வயது நிறைந்தவர்" என்று. அவ்வளவுதான், பிறந்த தேதி இல்லை. கம்ப்யூட்டரில் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது.

"தேதி என்னப்பா போடறது?" என்றேன்.

"எதையாச்சும் போட்டு உடுங்க சார்" என்றான் ஏஜென்ட்.

எனக்குப் பசி. மேனேஜர் வேறு சீக்கிரம் முடி என்று கத்திக்கொண்டிருந்தார். பதினோரு தேதி யோசிக்கச் சோம்பல்பட்டு, பதினோரு பேருக்கும் என் பிறந்தநாளையே போட்டேன். மார்ச் ஐந்து. வருஷத்தை மட்டும் பதினெட்டு தாண்டுகிற மாதிரி மாற்றினேன். அதில் எனக்கு ஒரு சின்னச் சிரிப்பு வேறு. அந்தப் பிள்ளைகள் எதிரே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பால் வடியும் முகங்கள். பதினெட்டு இல்லை என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று இப்போது சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. தொழிலாளிகளின் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவோம். தொழிலாளிகளை எப்படி வைத்திருக்கிறோம் என்று ஆடிட் பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு அந்தப் போட்டோக்கள் பிடிக்கும். அன்றன்றைக்குப் பிறந்தவர்களின் பெயரை கம்ப்யூட்டரே எடுத்துக் கொடுக்கும், அதை அப்படியே போர்டில் ஒட்டுவார்கள். எல்லாம் தானாக நடக்கும் என்பதால் அடுத்து வந்த மார்ச் ஐந்தை யாரும் யோசிக்கவில்லை, நான் உட்பட. காலையில் போனால் போர்டில் பன்னிரண்டு பெயர். பதினோரு பிள்ளைகள், கடைசியில் நான்.

மேனேஜருக்கு ஒரே குஷி. "ஒரு கேக்குல பன்னெண்டு பேரு முடிஞ்சுது பாரு" என்றார். ஃப்ளோரே கூடி நின்று கை தட்டியது. இருப்பதில் சின்னவளாகத் தெரிந்த ஒருத்தி கையில் கத்தியைக் கொடுத்தார்கள். அக்காவின் மேஜையில் நூல் வெட்டிக்கொண்டிருந்த பெண் அவள். கத்தியைப் பிடித்துக்கொண்டு பொலபொலவென்று அழுதாள். ஊர் ஞாபகம் என்று எல்லோரும் நினைத்தோம்.

அக்கா கேக்கைத் தொடவில்லை. நேரே போர்டுக்குப் போனார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மேலிருந்து கீழே படித்தார். பிறகு புறங்கையிலிருந்து ஒவ்வொன்றாக உரித்து, பதினோரு பெயருக்கும் பதினோரு அம்புக்குறி ஒட்டினார். பன்னிரண்டாவது என் பெயர். அதற்கு ஒட்டவில்லை. வருஷா வருஷம் அந்த நாளில் என் பெயரைப் போர்டில் பார்த்தவர், அது ஒன்றுதான் நிஜம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் என் ஜன்னலுக்கு வந்தார்.

"ஏனுங்க தம்பி, பதினோரு புள்ளைகளும் ஒரே நாள்ல பொறந்துச்சுங்களா?"

"அக்கா, துணி பாக்கறது உங்க வேலை. ஃபைல் பாக்கறது என்ற வேலை."

"அதுலயும் உங்க பொறந்தநாள்லயேங்களா?"

"ஆமா. இப்ப என்னங்கறீங்க?"

"ஆகாதுங்க."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். போய் உங்கள் மேஜையைப் பாருங்கள் என்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை, போய்த் தன் மேஜையைத்தான் பார்த்தார். ஆனால் அன்றிலிருந்து நூல் வெட்டுகிற அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சாப்பிட்டார். ஒரு வாரம் கழித்து மறுபடி ஜன்னலுக்கு வந்தார். இந்தத் தடவை அவளையும் கூட்டி வந்திருந்தார்.

"கண்ணு, எங்கிட்டச் சொன்னத இவருகிட்டயும் சொல்லு."

அவள் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். "எனக்குப் பதினஞ்சு வயசு சார். ஆடி மாசம் பொறந்தேன். ஒம்பதாப்பு முடிச்சிட்டு லீவுக்குத்தான் வந்தோம். பத்தாப்பு படிக்கணும்னு கேட்டா, டி.சி. என்கிட்ட இருக்கு, மூணு வருசம் கழிச்சு வாங்கிக்கன்னு ஏஜென்ட் சொல்லுதாரு. ஹாஸ்டல் கேட்டைப் பூட்டிருதாங்க. போன் ஞாயித்துக்கெழம மட்டுந்தான், அவரு முன்னாடியே பேசணும். நான் ஓடிப் போனேன்னா என் தங்கச்சியக் கூட்டிட்டு வந்துருவாராம். அவ எட்டாப்புதான் சார் படிக்கா."

"நீங்க எழுதினது தம்பி. நீங்களே திருத்திப்போடுங்க" என்றார் அக்கா.

ரெண்டு வாரத்தில் ஆடிட், இப்போது ஃபைலில் கை வைத்தால் என் வேலை போய்விடும் என்றேன். அக்கா அவள் தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு போனார். ஆகாதுங்க என்று கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஆடிட் அன்றைக்கு எங்கள் பக்கத்தில் சில கம்பெனிகளில் ஒரு காரியம் செய்வார்கள். வயசு குறைவாகத் தெரிகிற பிள்ளைகளை வேனில் ஏற்றி எங்கேயாவது கோயிலுக்கு அனுப்பிவிடுவார்கள். சாயங்காலம் ஆடிட்டர்கள் போன பிறகு வேன் திரும்பும். துணைக்கு யாரை அனுப்பலாம் என்று பேச்சு வந்தபோது, போர்டு அம்புக்குறிகளைக் கவனிக்காத மேனேஜர் யோசிக்கவே இல்லை. "அந்தம்மாவை அனுப்பு. அது கண்ணுக்குத் தப்பி ஒரு ஈ பறக்காது" என்றார். நான் கேட் பாஸ் எழுதினேன். பதினோரு பேர், அவிநாசி கோயில். அக்கா அதை வாங்கி இரண்டு தரம் படித்தார்.

"கோயிலுன்னுதானுங்களே எழுதியிருக்கீங்க?"

"ஆமாங்க்கா. வேற எங்கயும் நிறுத்தாதீங்க."

"இல்லீங்க."

வேறு எங்கேயும் நிறுத்தவும் இல்லை. நேரே கோயிலுக்குத்தான் போயிருக்கிறார்கள். அங்கே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரியும் ஒரு பெண் இன்ஸ்பெக்டரும் சாதாரணச் சேலை கட்டி, பூக்கூடையோடு சாமி கும்பிட வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். முந்தின நாளே அக்கா குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தாராம். அக்கா, "கொஞ்சம் இருங்கம்மா. கோயிலுக்குன்னு கூட்டியாந்திருக்கறேன், சாமி கும்புட்டுட்டு வந்தர்றமுங்க" என்று சொல்லி, பதினோரு பேரையும் உள்ளே கூட்டிப்போய், சுற்றிவந்து, திருநீறு வைத்துவிட்டுத்தான் கொண்டுவந்து விட்டாராம். அரைமணி நேரம் போலீசையே காக்கவைத்த மகராசி. இன்ஸ்பெக்டர் அந்தப் பிள்ளைகளிடம் கேட்ட முதல் கேள்வி, "உன்ற பொறந்தநாள் எப்ப கண்ணு?"

நாலு மணிக்கு வேன் காலியாகத் திரும்பி வந்தது. ஆடிட்டர்கள் மாடியில் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வேனுக்குப் பின்னாலேயே போலீஸ் ஜீப்.

ஏஜென்ட் உள்ளே போனான். மேனேஜர் உள்ளே போனார். ஏஜென்ட் வீட்டுப் பீரோவில் நூல் வெட்டுகிற பெண்ணின் டி.சி. கிடைத்தது. மற்ற பத்துப் பேரின் காகிதங்களை என்ன செய்தானோ, ஒன்றும் இல்லை. மறுநாள் எனக்கும் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. தேதியை எழுதியது டைம் ஆபீஸ் தம்பி என்று அக்கா என் பெயரைச் சொல்லிவிட்டிருந்தார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டுக்கே போனேன். எனக்கு முன்னால் வாசலில் இரண்டு கார். முதலாளி பக்கத்துப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் அக்காவுக்கு மாமன் முறை.

"நம்ம சனத்துக்குள்ள எதுக்கு சாமி போலீசு, கோர்ட்டு? பேசி முடிச்சுக்கலாம். அந்தப் புள்ளைகளும் அவங்களா விரும்பித்தானே வேலைக்கு வந்துச்சுங்க?"

அக்கா எல்லோருக்கும் காப்பி கொடுத்தார். எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றுகொண்டு சொன்னார். "காப்பி குடிங்க மாமா. இன்ஸ்பெக்டரம்மா வெவரமாச் சொன்னாங்க. பதினெட்டு ஆகாத புள்ளையக் கூட்டியாந்து பூட்டி வெச்சு வேல வாங்குனா, அந்தப் புள்ள சரீன்னு சொல்லியிருந்தாலும் அது செல்லாதாமுங்க. பேசி முடிக்கறதுக்கும் இதுல எடமில்லீங்களாமா. கேசு என்றது இல்லீங்க மாமா, சர்க்காரோடது. நானே வேண்டாமுன்னாலும் நிக்காது."

"அதெல்லாம் பாத்துக்கலாம். நீ மட்டும் ஒரு வார்த்தை மாத்திச் சொல்லு."

"ஆகாதுங்க மாமா."

குரலை உயர்த்தவில்லை. அந்த 'மாமா'வில் மரியாதை துளிகூடக் குறையவில்லை. பெரியவர்கள் பாதிக் காப்பியில் எழுந்து போனார்கள். கார்க் கதவைச் சாத்திய சத்தம் தெருவுக்கே கேட்டது.

அவர்கள் போனதும் நான் ஆரம்பித்தேன். "தப்பாத் தச்ச டெய்லர் பேரக்கூடச் சொல்ல மாட்டீங்க. என்ற பேர மட்டும் சொல்லீட்டீங்களே அக்கா! நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணுனேன்?"

அவர் டம்ளர்களை எடுத்துக்கொண்டே சொன்னார். "துணியில தப்புன்னா பிரிச்சுத் தச்சுக்கலாமுங்க தம்பி. புள்ளைகளப் பிரிச்சுத் தைக்க முடியுங்களா?"

வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டேதான் வந்தேன், அதையும் ஒளிக்கவில்லை.

அக்காவின் வேலை போயிற்று. வேறு எந்தப் பனியன் கம்பெனியிலும் அவரைச் சேர்க்கவில்லை, வாய்வழியாகச் சொல்லி அடைத்துவிட்டார்கள். கடைசியில் சாமளாபுரத்தில் ஒரு தறிக் குடோனில் காடாத் துணி பார்க்கிற வேலை கிடைத்தது. தினமும் இரண்டு பஸ் மாறிப் போனார். அங்கே சாக்பீஸால் கோடு போட்டால் போதும். இவர் சொந்தக் காசில் அம்புக்குறி ஸ்டிக்கர் வாங்கிக் கையில் ஒட்டிக்கொண்டு போனார்.

கம்பெனி வக்கீல் என்னைக் கூப்பிட்டுப் பாடம் சொல்லிக்கொடுத்தார். "அந்தப் பொண்ணுங்கதான் தேதி சொன்னாங்க, நான் எழுதிக்கிட்டேன்னு சொல்லுங்க. உங்க மேலயும் தப்பில்ல, கம்பெனி மேலயும் தப்பில்ல." சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் ஸ்டேஷனுக்குப் போனேன். பொய் சொன்னது அந்தப் பிள்ளைகள்தான் என்று ஆகிவிடும். ஆகட்டும், எனக்கென்ன என்று இருந்தது.

இன்ஸ்பெக்டர் முதலில் என்னைப் பற்றிய விவரங்களை எழுதினார். பெயர், அப்பா பெயர், விலாசம், பிறந்த தேதி.

"மார்ச் அஞ்சு" என்றேன்.

எழுதிக்கொண்டார். அவர் எதையும் கவனிக்கவில்லை. பக்கத்திலேயே அந்தப் பதினோரு ஃபைலும் அடுக்கி வைத்திருந்தது. நான் சும்மா இருந்திருந்தால் அப்படியே போயிருக்கும். "இந்தப் பொண்ணுங்களோட தேதியை உங்களுக்கு யாரு சொன்னாங்க?" என்று கேட்டார். வாயைத் திறந்தேன். வக்கீல் சொல்லிக்கொடுத்தது நாக்கு நுனியில் இருந்தது. கேக் கத்தியைப் பிடித்துக்கொண்டு அழுதவளின் கை ஞாபகத்துக்கு வந்தது. வராமல் இருந்திருக்கக் கூடாதா?

"யாரும் சொல்லலீங்க மேடம். அது என்ற பொறந்தநாளுங்க."

பேனா நின்றது. அதன்பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மாஜிஸ்திரேட் முன்னாலும் அதையே சொன்னேன். சொல்லி முடித்து வெளியே வந்தபோது எனக்கு ஒரு பெருமை. பஸ் பிடித்து நேரே சாமளாபுரம் போனேன், அக்கா இரண்டு நல்ல வார்த்தை சொல்வார் என்று.

குடோனில் துணி மடித்துக்கொண்டிருந்தார். "அக்கா, உண்மையைச் சொல்லீட்டனுங்க" என்றேன்.

"சரீங்க தம்பி" என்றார். மடித்துக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். "உங்க பொறந்தநாள நீங்க திருப்பி வாங்கிக்கிட்டீங்க. அந்தப் புள்ளைகளோடதத் திருப்பிக் குடுக்க வேண்டாமுங்களா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் போட்ட தேதி பொய் என்று ஆகிவிட்டது, சரி. ஆனால் உண்மைத் தேதி எது? டி.சி. கிடைத்த ஒருத்திக்கு மட்டும் அது தெரியும். சட்டம் வயதுக்கு முதலில் கேட்பது பள்ளிக்கூடச் சான்றிதழைத்தான். மற்ற பத்துப் பேரும் எந்தப் பள்ளிக்கூடம் என்பதற்கு ஃபைலில் ஆதாரமே இல்லை. எல்லாருக்கும் ஏஜென்ட் ஏதோ ஒரு விலாசம் கொடுத்திருந்தான். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பியாயிற்று. அவன் ஆட்கள் அங்கேயும் போய்ப் பெற்றவர்களை மிரட்ட ஆரம்பித்திருந்தார்கள்; அந்தப் பயத்தில், பிள்ளை படித்த பள்ளிக்கூடம் எது என்று போலீஸ் கேட்டால் வீட்டில் யாரும் சொல்லவில்லை.

பத்துப் பேரின் பள்ளிக்கூடமும் எனக்குத் தெரியும். முதல்நாள் பெஞ்சில் உட்காரவைத்து, ஃபைலுக்கென்று அவர்களையே கேட்டு ஒரு ரஃப் நோட்டில் எழுதியிருந்தேன்; மேனேஜர் அவசரப்படுத்தியதில் அதை ஃபைலில் ஏற்றவில்லை. அந்த நோட்டு என் வீட்டு அலமாரியில், பழைய காலண்டருக்கு அடியில் இருந்தது. நோட்டு எங்கே என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மாஜிஸ்திரேட்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன் என்றேனே, இதைச் சொல்லவில்லை.

அன்றைக்கே நோட்டைக் கொண்டுபோய் இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தேன். சேலை கட்டிய ஒரு பெண் போலீசோடு நானும் வழி காட்டப் போனேன். மூன்று மாதம், பஸ் மாறி பஸ். சில பள்ளிக்கூடங்களில் உடனே கொடுத்தார்கள். ஒரு ஹெட்மாஸ்டர் அலமாரிச் சாவி இல்லை என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினார். நான்காவது தடவை நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். "சாவி வர்ற வரைக்கும் இங்கதானுங்க இருப்பேன்" என்றேன். வந்தது. பழைய சேர்க்கைப் பதிவேட்டில் அந்தப் பிள்ளைகளின் தேதிகள் நீல மையில் அப்படியே இருந்தன. பத்தும் கிடைத்தன.

கேஸ் ஜெயித்தது. ஏஜென்ட்டுக்கும் மேனேஜருக்கும் தண்டனை கிடைத்தது. எனக்கும் வேலை போனது, நான் எழுதியதற்கு நானும் கோர்ட்டில் கூண்டேறினேன். அதைப் பற்றிப் புலம்ப எனக்கு யோக்கியதை இல்லை. நூல் வெட்டிய பெண் அடுத்த வருஷம் பத்தாவது பரீட்சை எழுதினாள். அவள் தங்கையைக் கூட்டிப் போக யாரும் வரவில்லை.

அந்தப் பதிவேட்டுத் தேதிகள் எல்லாம் கைக்கு வந்த அன்று, பதினோரு பெயரையும் எதிரே நிஜமான பிறந்த தேதியையும் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி சாமளாபுரத்துக்கு எடுத்துப் போனேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். மேஜையில் விரித்து, சுருக்கத்தை நீவிவிட்டு, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். விரல் ஒவ்வொரு பெயராக இறங்கியது. ஒரு தேதி மாதிரி இன்னொன்று இல்லை. ஏழாவது பெயரில் விரல் நின்றது.

"இந்தப் புள்ளைக்குப் பதிமூணுதானுங்களா?"

"ஆமாங்க்கா."

கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு மீதி நாலு பெயரையும் படித்தார். அவர் புறங்கையில் சிவப்பு அம்புக்குறிகள் வரிசையாக ஒட்டியிருந்தன. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

எதையும் உரிக்கவில்லை. தாளை நாலாக மடித்து வலது பக்கம் வைத்துவிட்டு, அடுத்த துணியை எடுத்தார்.